இரயில்வே வேலையிலிருந்து ஓய்வு: ஜோகூர் குடும்பங்கள் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டியவை

சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், கூலாய், கெம்பாஸ், ஜோகூர் பாரு. தண்டவாளம் போகும் இந்த ஊர்களில் இரயில்வேயில் உழைத்தவர் ஒருவராவது உள்ள தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் சிலர், நிலையத்தில் சிலர், பட்டறையில் சிலர், எஞ்சின் ஓட்டியவர் சிலர். தோட்டத்திலிருந்து வெளியேறி அரசாங்கச் சம்பளத்துக்கு வந்த முதல் தலைமுறையாகவும் இவர்களில் பலர் இருந்தனர்.

அந்த உழைப்புக்குச் சேர வேண்டிய ஓய்வுகாலப் பணம் கைக்கு வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் சட்டம் காரணமாக இருப்பதில்லை. அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறியிருக்கும். கோயிலில் தாலி கட்டிய திருமணம் பதிவு செய்யப்படாமல் இருக்கும். சேமநிதியில் முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய வாரிசுப் பெயர் மாற்றப்படாமல் கிடக்கும். இவை எல்லாம் ஊழியர் உயிரோடு இருக்கும்போது சில நாட்களில் சரிசெய்யக்கூடியவை. அவர் மறைந்த பிறகு அதே வேலைக்கு மனைவி பல அலுவலகங்களுக்கு அலைய நேரிடும்.

முதல் கேள்வி: எந்தத் திட்டம்?

ஜோகூர் அரசின் இரயில் பாதை 1909இல் முழுமையடைந்து கிம்மாசையும் ஜோகூர் பாருவையும் இணைத்தது. பின்னர் அது மலாயா இரயில்வேயின் ஒரு பகுதியாகி, நீண்ட காலம் அரசாங்கத் துறையாகவே இயங்கியது. அந்தக் காலத்தில் பெரும் பிரச்சினையாக இருந்தது தினக்கூலி. 1962 டிசம்பரில் மலாயா இரயில்வே ஊழியர் சங்கம் தொடங்கி மூன்று வாரங்களுக்கு மேல் நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கை, தினக்கூலித் தொழிலாளர்களை மாதச் சம்பளத்துக்கு மாற்ற வேண்டும் என்பது. முதுமையில் கையில் நிலையான வருமானம் வேண்டுமென்றால் முதலில் வேலை நிலையானதாக இருக்க வேண்டும் என்பதை அன்றைய தொழிலாளர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

1992 ஆகஸ்டு 1ஆம் தேதி இரயில்வே நிறுவனமயமாக்கப்பட்டது. அன்றுமுதல் அது கெரத்தாப்பி தானா மெலாயு பெர்ஹாட், சுருக்கமாக கேடிஎம். அப்போது பணியில் இருந்தவர்கள் அரசாங்க ஓய்வூதியத் திட்டத்தில் தொடரலாம், அல்லது நிறுவனத் திட்டத்துக்கு மாறி சேமநிதியில் சேரலாம் என விருப்பத் தேர்வு தரப்பட்டது. அதற்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஊழியர் சேமநிதியும் சொக்சோவும்தான்.

ஒரே குழுவில் ஒரே வேலையைச் செய்த இருவரின் முதுமை இப்படி இரண்டு விதமாகப் பிரிந்தது. மற்ற நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. இந்திய இரயில்வேயில் 2004 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம், பின் சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று கோடு போடப்பட்டது. அமெரிக்காவிலோ 1930களிலேயே இரயில்வே ஊழியர்களுக்கென்று தனி ஓய்வூதிய வாரியம் அமைந்து, பொதுச் சமூகக் காப்புறுதியிலிருந்து தனியாக இன்றும் இயங்குகிறது.

எனவே 1992க்கு முன் வேலையில் சேர்ந்தவர் முதலில் தேட வேண்டியது, தாம் அன்று கையெழுத்திட்ட விருப்பத் தேர்வுக் கடிதம். அது வீட்டில் இல்லையென்றால் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் தம் கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். எளிய அடையாளம் ஒன்றும் உண்டு. மாதச் சம்பளச் சீட்டில் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பிடித்தம் இருந்தால், அவர் பெரும்பாலும் நிறுவனத் திட்டத்தில் இருப்பவர்.

ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு

இவர்களுக்கு 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் பொருந்தும். விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஒப்புதல் தருவது பொதுச் சேவைத் துறையான ஜேபிஏ. மாதந்தோறும் பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் பணியை 2015 நவம்பர் முதல் ஓய்வூதிய நிதியமான கேவாப் கவனிக்கிறது.

ஓய்வூதியக் கணக்கு இதுதான்: கணக்கில் கொள்ளப்படும் சேவை மாதங்களைக் கடைசி அடிப்படைச் சம்பளத்தால் பெருக்கி 600ஆல் வகுக்க வேண்டும். 30 ஆண்டு, அதாவது 360 மாதம் சேவை செய்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு கிடைக்கும். அதுவே உச்சவரம்பு.

கடைசி அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டு சேவைக்கு மாத ஓய்வூதியம் 1,440 வெள்ளி. 20 ஆண்டு சேவைக்கு 960 வெள்ளி. 25 ஆண்டும் அதற்கு மேலும் சேவை செய்தவருக்கான குறைந்தபட்ச ஓய்வூதியம் 2018இல் 1,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

ஓய்வு பெறும்போது ஒரே தவணையாகக் கிடைக்கும் பணிக்கொடை தனி. சேவை மாதங்களைக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கி, அதில் 7.5 விழுக்காடு எடுக்க வேண்டும். அதே 2,400 வெள்ளிச் சம்பளத்துக்கு 30 ஆண்டு சேவையென்றால் 64,800 வெள்ளி. எடுக்காமல் சேர்த்து வைத்த விடுமுறைக்குப் பதிலாகத் தரப்படும் ரொக்கமும் இதோடு வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, கணக்கு அடிப்படைச் சம்பளத்தை வைத்தே போடப்படுகிறது. எஞ்சின் ஓட்டுநர்கள், இரவுப்பணி செய்வோர் ஆகியோரின் மாத வருமானத்தில் கூடுதல் நேரச் சம்பளமும் படிகளும் பெரும் பங்காக இருக்கும். ஓய்வூதியத்தில் அவை சேராது. மாதம் 4,000 வெள்ளி வீட்டுக்குக் கொண்டு வந்தவர், அதில் ஐந்தில் மூன்று பங்கு வரும் என்று கணக்குப் போட்டு வீட்டுக் கடன் வாங்கிவிடக் கூடாது.

இரண்டாவது, சேவைப் பதிவேடு. சேர்ந்த தேதி, நிரந்தரமான தேதி, சம்பளமில்லா விடுமுறை, பதவி உயர்வு எல்லாம் அதில் சரியாக இருக்க வேண்டும். ஓராண்டு சேவை விடுபட்டால் மேலே சொன்ன உதாரணத்தில் மாதம் 48 வெள்ளி குறையும், அதுவும் ஆயுள் முழுவதும். ஓய்வு பெற ஓராண்டு இருக்கும்போதே பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு, தவறு இருந்தால் எழுத்து மூலம் திருத்தம் கேட்பது நல்லது.

நிரந்தரமாவதற்கு முன்போ வேறு வேலையிலோ சேமநிதியில் பணம் சேர்ந்திருந்தால் அதையும் மறக்கக் கூடாது. ஓய்வூதியத் தகுதி பெற்ற ஊழியர், தம் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட பங்கை எடுத்துக்கொள்ளச் சேமநிதியில் தனி விண்ணப்பம் உள்ளது. அரசாங்கம் முதலாளியாகச் செலுத்திய பங்கு ஓய்வூதிய நிதியத்துக்குத் திரும்பிவிடும்.

ஓய்வூதியர் அட்டையையும் கேட்டுப் பெற வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் ஓய்வூதியரும் துணைவியும் கட்டணமின்றிச் சிகிச்சை பெற அது வழி செய்கிறது. முதுமையில் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் மாதாமாதம் மருந்து வாங்கும் குடும்பத்துக்கு இது சிறிய உதவி அல்ல.

சேமநிதித் திட்டத்தில் இருப்பவருக்கு

இந்தப் பகுதி தோட்டத் தொழிலாளர்களுக்கும் தொழிற்சாலை ஊழியர்களுக்கும் அப்படியே பொருந்தும். 2012ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1இல் நடப்புக்கு வந்தபின், வயதைக் காரணம் காட்டி 60க்கு முன் ஊழியரை ஓய்வு பெறச் சொல்ல முதலாளிக்கு அனுமதியில்லை. சேமநிதிப் பணத்தை 55 வயதிலேயே எடுக்கலாம். 55க்குப் பிறகு வேலை செய்து சேரும் பணம் தனிக் கணக்கில் போய், 60 வயதில் எடுக்கும்படி இருக்கும்.

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 55இல் முழுத் தொகையையும் எடுத்து மகள் திருமணம், வீடு புதுப்பிப்பு, கார் என்று செலவழித்தால், 60இல் வேலை நிற்கும்போது கையில் இருப்பது ஐந்து ஆண்டுச் சேமிப்பு மட்டும். மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுக்கு எடுக்க 240,000 வெள்ளி தேவை. இந்தக் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு பகுதியை எடுக்கலாம், மாதாமாதம் எடுக்கலாம், விட்டும் வைக்கலாம். விட்டு வைக்கும் பணத்துக்கு 100 வயது வரை இலாப ஈவு உண்டு.

விண்ணப்பத்தை ஐ-அக்கவுன் செயலியிலோ அலுவலகத்திலோ செய்யலாம். தேவைப்படுவது மைகாட்டும், விண்ணப்பதாரரின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கும். தண்டவாளத்திலும் பால்மரத்திலும் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்து, இயந்திரம் கைரேகையை ஏற்க மறுப்பதுண்டு. அப்படியானால் திரும்பிப் போய்விடாமல், முகப்பில் இருக்கும் அலுவலரிடம் சொல்லி அடையாளத்தை வேறு வழியில் சரிபார்க்கக் கேட்க வேண்டும். யாராவது தரகர் பணத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லி மைகாட்டையோ கைப்பேசியில் வரும் இரகசிய எண்ணையோ கேட்டால் கொடுக்கவே கூடாது. சேமநிதியில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது.

சொக்சோ: ஓய்வுக்கு முன் உடல் ஒத்துழைக்காவிட்டால்

60 வயதுக்கு முன்பே நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய முடியாமல் போனவருக்குச் சந்தா நிபந்தனைகள் பூர்த்தியாகியிருந்தால் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் உண்டு. அலுவலகத்தில் இதைப் பென்சென் ஈலாட் என்பார்கள். சேமநிதியிலிருந்தும் உடல் இயலாமை காரணமாகப் பணத்தை எடுக்க வழி உண்டு. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றது தானாக வராது. இரண்டு இடத்திலும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

வேலையிடத்தில் நடந்த விபத்தும், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடந்த விபத்தும் வேறு திட்டத்தின்கீழ் வரும். எஞ்சின் சத்தத்திலும் பட்டறைச் சத்தத்திலும் ஆண்டுக்கணக்காக வேலை செய்து காது மந்தமானவர், அதைத் தொழில் சார்ந்த நோயாகப் பதிவு செய்யக் கோரலாம். வேலையை விட்டு வெளியேறும் முன்பே செவித்திறன் பரிசோதனை செய்து மருத்துவ அறிக்கையை வைத்துக்கொண்டால், பின்னர் நிரூபிப்பது எளிது. வெறும் வயது காரணமாக வந்த காது மந்தம் என்று ஒதுக்கிவிட்டு உரிமையை இழந்துவிடக் கூடாது.

ஊழியர் இறந்துவிட்டால்

ஓய்வூதியம் பெற்றுவந்தவரோ ஓய்வூதியத் தகுதியுள்ள ஊழியரோ இறந்தால், அந்த ஓய்வூதியம் துணைவிக்குத் தொடரும். தாய் வேலை செய்து இறந்திருந்தால் தந்தைக்குத் தொடரும். இதைப் பென்சென் தெர்பித்தான் என்பர். திருமணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், முதல் பட்டம் முடிக்கும்வரை படிக்கும் பிள்ளைகளுக்கும், வாழ்நாள் முழுவதும் பிறர் துணை தேவைப்படும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் இதில் உரிமை உண்டு. இது தானாக மாறாது. இறப்பைத் தெரிவித்து விண்ணப்பிக்க வேண்டும். தெரிவிக்காமல் இறந்தவரின் கணக்கில் வந்த பணத்தை எடுத்துச் செலவழித்தால், பின்னர் அதைத் திருப்பிச் செலுத்தச் சொல்வார்கள்.

சொக்சோவில் சந்தா செலுத்தியவர் 60 வயதுக்கு முன் இறந்தால் தகுதிக்கு ஏற்ப வாரிசுகளுக்கு ஓய்வூதியம் உண்டு. பென்சென் பெனாக்காட் என்ற இதில் ஐந்தில் மூன்று பங்கு துணைவிக்கும் ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் போகும். வேலைக்குத் தொடர்பில்லாத இயற்கை மரணமாக இருந்தாலும் இது பொருந்தும். வீட்டில் மாரடைப்பால் இறந்தவருக்குச் சொக்சோவில் எதுவும் கிடைக்காது என்று நினைத்துப் பல குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

சேமநிதியில் வாரிசாகப் பெயரிடப்பட்டவருக்கே பணம் போகும். முஸ்லிம் அல்லாதவர் விஷயத்தில் அந்தப் பணம் அவருக்கே சொந்தம். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதியவர், திருமணத்துக்குப் பிறகு மாற்றவில்லை என்றால், மனைவியும் பிள்ளைகளும் கண்ணெதிரே அந்தப் பணம் வேறு கைக்குப் போவதைப் பார்க்க நேரிடும். பெயரை மாற்ற ஆகும் நேரம் சில நிமிடங்கள். உறுப்பினர் 60 வயதுக்கு முன் இறந்திருந்தால் 2,500 வெள்ளி மரண உதவித்தொகையும் உண்டு. ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

தாலி மட்டும் போதாது

விதவைக்கான எந்த விண்ணப்பத்திலும் முதலில் கேட்கப்படுவது திருமணச் சான்றிதழ். 1976ஆம் ஆண்டு திருமண மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இந்து முறைப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானவையாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கையில் காட்ட ஒரு காகிதம் வேண்டும். அத்தகைய தம்பதியர் விரும்பினால் தேசியப் பதிவுத் துறையில் இப்போதும் பதிவு செய்து சான்றிதழ் பெறலாம். கோயில் கடிதம், பழைய நிழற்படம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணத்தைக் கண்ட பெரியவரின் சாட்சி ஆகியவற்றைத் திரட்டி வைத்திருக்க வேண்டும். சாட்சி சொல்லக்கூடியவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது என்பதை மறக்கக் கூடாது.

1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த திருமணங்களுக்கு நிலைமை கடுமையானது. தோட்டத்துக் கோயிலில் ஊர் கூடி நடத்திய திருமணமாக இருந்தாலும், முறையாகப் பதிவு செய்யாவிட்டால் அலுவலகங்களில் அந்தப் பெண் மனைவியாக ஏற்கப்படுவது கடினம். இருவரும் உயிரோடு இருந்தால் தீர்வு எளிது: இன்றே தேசியப் பதிவுத் துறைக்கோ, பதிவதிகாரி உள்ள கோயிலுக்கோ போய்ப் பதிவு செய்துகொள்ளலாம். நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்து பேரன் பேத்தி கண்டபின் பதிவுக்குப் போக வெட்கமாக இருக்கிறது என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கணவர் கண்மூடிய மறுநாள் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு வழக்கறிஞரும் நீதிமன்றமும்தான் வழி.

ஓர் எழுத்து

முனியாண்டி, முனியண்டி, லெட்சுமி, லட்சுமி. தமிழில் இது சின்ன வேறுபாடு. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணியோ மருத்துவமனை எழுத்தரோ காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிய பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், சேவைப் பதிவேட்டில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். தகப்பன் பெயரும் அப்படியே.

மைகாட்டில் உள்ள பெயரையே அளவுகோலாக வைத்து மற்ற எல்லாப் பத்திரங்களையும் ஒப்பிட வேண்டும். நிறுவனப் பதிவையும் வங்கிக் கணக்கையும் மைகாட்டுக்கு ஏற்பத் திருத்தச் சொல்லலாம். பிறப்புச் சான்றிதழிலோ திருமணச் சான்றிதழிலோ பிழை இருந்தால் தேசியப் பதிவுத் துறையில் திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சத்தியப் பிரமாண அதிகாரி முன் கையெழுத்திட்ட பத்திரம் பல இடங்களில் ஏற்கப்படுகிறது. அதை ஊழியரே தம் கையால் எழுதித் தருவதற்கு உள்ள மதிப்பு, அவர் மறைந்தபின் பிள்ளைகள் எழுதித் தருவதற்கு இருக்காது.

குவார்ட்டர்ஸும் வீடும்

இரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சொந்த வீடு போலவே தோன்றும். ஆனால் அது வேலையோடு சேர்ந்த வீடு. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். பணிக்கொடை வந்தபின் வீடு தேடலாம் என்று காத்திருந்தவர்கள், ஜோகூரில் வீட்டு விலை ஏறியபோது திண்டாடிப் போனார்கள். சேமநிதி உறுப்பினர்கள் பணியில் இருக்கும்போதே வீடு வாங்க ஒரு பகுதிச் சேமிப்பை எடுக்கலாம். வங்கிகளும் நிலையான சம்பளம் வரும் காலத்தில்தான் கடன் தர முன்வரும்.

எப்போது, என்ன?

50 வயதில்: திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாப் பத்திரங்களிலும் பெயர் ஒப்பீடு, சேமநிதி வாரிசுப் பெயர்.

55 வயதில்: சேமநிதியை எடுப்பதா, எவ்வளவு எடுப்பது என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுத்தல்.

ஓய்வுக்கு ஓராண்டு முன்: சேவைப் பதிவேடு சரிபார்ப்பு, மீதமுள்ள விடுமுறைக் கணக்கு, தேவையானால் மருத்துவப் பரிசோதனை, ஓய்வூதியப் படிவங்கள்.

ஓய்வு பெற்றபின்: ஓய்வூதியர் அட்டை, வங்கிக் கணக்கில் முதல் பணம் சரியாக வந்ததா என்ற சோதனை, முகவரி மாறினால் அறிவிப்பு.

ஒவ்வொரு பத்திரத்தின் நகலும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். சமர்ப்பிக்கும் படிவங்களுக்கு ஒரு பிரதி எடுத்து, பெற்றுக்கொண்ட அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வைக்க வேண்டும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பீரோவைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு மறைந்த பெரியவர்களின் வீடுகளில் துக்கத்தோடு தேடலும் சேர்ந்துகொள்கிறது. முப்பது ஆண்டு வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த உரிமையைக் குடும்பத்திடம் ஒப்படைக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எல்லோரும் உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.